லூபஸுக்கும் லிம்போமாவுக்கும் ஒரே செல்லா? என்.கே. செல் சிகிச்சை பற்றிய கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர், ஊர் போன்ற அடையாளங்களை விடுத்து, மற்ற வாசகர்களுக்கும் விளங்கும்படி கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். 24 வயதான உங்கள் மகளுக்கு மூன்று ஆண்டுகளாக, உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருப்பதால் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மைக்கோஃபெனலேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறார். 58 வயதான உங்கள் கணவருக்குப் பெரிய பி செல் வகை லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். ஆறு சுற்றுக் கீமோதெரபி முடிந்து ஒன்றரை ஆண்டு நலமாக இருந்தவருக்கு இப்போது கழுத்தில் மீண்டும் கட்டி தென்படுகிறது. இந்த நேரத்தில் ஒரு தனியார் மையம், இருவருக்கும் அவரவர் இரத்தத்திலிருந்தே என்.கே. செல்கள் என்னும் ஒருவகை வெள்ளணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்ப ஏற்றுவதாகச் சொல்லி, பல லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறது. அதற்காக மகளின் மைக்கோஃபெனலேட்டை ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ‘மகளுக்கு எதிர்ப்பு சக்தி மிஞ்சிவிட்டது என்கிறார்கள், கணவருக்கு எதிர்ப்பு சக்தி போதவில்லை என்கிறார்கள், இரண்டுக்கும் ஒரே செல் எப்படி மருந்தாகும்? இதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளக்கங்களுக்குப் போவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகளின் மைக்கோஃபெனலேட் மாத்திரையை அவருடைய மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கிய பிறகு, முகத்தில் தடிப்பு இல்லை, மூட்டில் வலி இல்லை என்பதை வைத்து நோய் அடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் அந்த மாத்திரைதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தியவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் பார்த்து வருகிறேன். முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியாது; மாத்திரையால் வந்த வயிற்றுத் தொல்லை நீங்கியதால் உடம்பு இலேசானதுபோலக்கூட இருக்கும். பிறகு காலையில் சிறுநீரில் நுரை கலையாமல் நிற்கும், கண்ணிமை தடிக்கும், மாலையில் செருப்பின் வார் காலில் பதிந்து தடம் விடும். அப்போது பரிசோதித்தால் சிறுநீரில் புரதம் பல மடங்கு ஏறியிருக்கும். அந்தச் சில வாரங்களில் சிறுநீரகத்தில் விழும் தழும்பைப் பின்னர் எந்த மருந்தாலும் அழிக்க முடியாது. திருமணம், கருத்தரிப்பு பற்றிய திட்டம் இருந்தால் மைக்கோஃபெனலேட்டை மாற்றியே ஆக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதுவும் மருத்துவர் அசதியோபிரின் போன்ற வேறொரு மருந்துக்கு மாற்றிக் கொடுத்து, நோய் நிலையாக இருப்பதை உறுதிசெய்த பிறகு நடக்க வேண்டிய காரியம்.

இனி உங்கள் கேள்வி. மருத்துவம் படிக்காத ஒருவர் இதைவிடச் சரியான இடத்தில் விரல் வைத்திருக்க முடியாது. எதிர்ப்பு சக்தி என்பதை ஏற்றவோ இறக்கவோ கூடிய ஒரே அளவாகப் பார்த்தால், உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. ஏற்றினால் கணவருக்கு நல்லது, மகளுக்குக் கெடுதி என்றுதான் ஆகும். ஆனால் உடலில் அப்படி ஒரே அளவு இல்லை. லூபஸ் உள்ளவருடைய உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் அதே சமயத்தில் சாதாரணக் கிருமிகளுக்கும் எளிதில் இடம் கொடுக்கிறது, அவர்களுடைய என்.கே. செல்கள் எண்ணிக்கையிலும் கொல்லும் திறனிலும் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் வீட்டில் உள்ள இரண்டு நோய்களுக்கும் பொதுவானது பி செல் என்னும் வெள்ளணு. மகளின் உடலில் சில பி செல்கள் அவருடைய சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களைச் சுரக்க வழிசெய்கின்றன. கணவரின் உடலில் ஒரு பி செல் கட்டுப்பாடின்றிப் பெருகிப் புற்றாகியிருக்கிறது. அந்தப் பி செல்களைத் தேடி அழிக்கும்படி ஒரு கொல்லும் செல்லை ஏவ முடியுமானால், அது இருவருக்கும் மருந்தாகலாம். அறிவியல் அடிப்படையில் இது சரியான சிந்தனையே. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை இந்தச் சிந்தனையின் பெயரைத்தான் கடன் வாங்கியிருக்கிறதே தவிர, அதன் செயலை அல்ல. அந்த வேறுபாட்டைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நோயெதிர்ப்பு மண்டலத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. கிருமியைக் கண்டு, கற்று, நினைவில் வைத்துச் செயல்படும் டி செல்களும் பி செல்களும் ஒரு பிரிவு. பிறப்பிலேயே ஆயத்தமாக இருந்து, கற்றுக்கொள்ளக் காத்திராமல் உடனே இறங்கும் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ், என்.கே. செல் முதலியவை மற்றொரு பிரிவு; பள்ளிப் பாடநூல்கள் இதை இயல்பு நோய்த்தடைக்காப்பு என்கின்றன. இயற்கைக் கொல்லி செல் எனப்படும் இந்த என்.கே. செல்லை 1975ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், தனியே அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனும் அடையாளம் கண்டார்கள். முன்பின் பழக்கமில்லாத புற்றுச் செல்லையும் சில மணி நேரத்தில் இது கொன்றுவிடுவது அப்போது புதிராக இருந்தது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த கிளாஸ் கார்ரே 1980களில் அந்தப் புதிரை அவிழ்த்தார். நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் ‘நான் இந்த உடலைச் சேர்ந்தவன்’ என்று காட்டும் எச்.எல்.ஏ. புரதங்களை மேற்பரப்பில் தாங்கியிருக்கின்றன. வைரஸ் புகுந்த செல்லும் புற்றாக மாறிய செல்லும் டி செல்களின் கண்ணில் படாமலிருக்க அந்தப் புரதத்தைப் பல சமயம் மறைத்துக்கொள்கின்றன. பயணச்சீட்டு உள்ளவரை விட்டுவிட்டு இல்லாதவரை நிறுத்தும் ரயில் பரிசோதகரைப்போல, என்.கே. செல் அந்தப் புரதம் இருந்தால் விலகிப்போகிறது, இல்லாவிட்டால் தாக்குகிறது. தாக்கும்போது பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் எதிரிச் செல்லின் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதியை உள்ளே செலுத்தி, அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்கிறது.

இந்த ஓர் இயல்பிலிருந்தே உங்கள் கேள்விக்கான விடையின் முக்கியப் பகுதி வந்துவிடுகிறது. ஒருவருடைய சொந்த என்.கே. செல் அவருடைய சொந்த எச்.எல்.ஏ. புரதத்தைக் கண்டால் அடங்கிவிடும். எனவே சொந்தச் செல்லை எடுத்து, எண்ணிக்கையை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கித் திரும்ப ஏற்றினாலும், புற்றுச் செல் அந்தப் புரதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் வரை அவை பெரும்பாலும் சும்மாதான் சுற்றிவரும். இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர், நோயாளியின் வெள்ளணுக்களை இன்டர்லூகின்-2 என்னும் புரதம் கொண்டு தூண்டி ஏற்றும் முறையை 1985இலேயே நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார்கள்; அதே குழு 2011இல், பரவிய நிலையில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய் கொண்டவர்களுக்கு அவர்களுடைய சொந்த என்.கே. செல்களையே பெருமளவில் ஏற்றிப் பார்த்தது. ஏற்றிய செல்கள் இரத்தத்தில் வாரக்கணக்கில் ஏராளமாக நீடித்தன. ஆனால் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. உங்களிடம் விலை பேசப்பட்டிருப்பது ஏறக்குறைய இந்த முறையே. செல் எண்ணிக்கை எத்தனை கோடி என்று அவர்கள் தரும் அறிக்கை உண்மையாகவே இருக்கலாம்; அந்த எண்ணிக்கை நோயைக் குறைத்ததற்குச் சான்றாகாது.

வேறொருவருடைய என்.கே. செல் என்றால் நிலைமை மாறுகிறது. இத்தாலியின் பெருஜியா நகரில் லொரெடானா ருஜ்ஜேரி, அந்திரேயா வெலார்தி ஆகியோரின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், கொடையாளரின் என்.கே. செல்லுக்கு நோயாளியின் எச்.எல்.ஏ. அந்நியமாகத் தோன்றும்படி அமைந்த எலும்பு மஜ்ஜை மாற்றங்களில், தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்திருந்தது. 2005இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மில்லர், உறவினரிடமிருந்து எடுத்த என்.கே. செல்களை மட்டும் தனியே ஏற்றி, வேறு சிகிச்சைக்குக் கட்டுப்படாத அந்த நோயில் 19 பேரில் 5 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்ததைக் காட்டினார். இன்னொரு நன்மையும் வெளிப்பட்டது. அந்நியரின் டி செல்லை ஏற்றினால் அது நோயாளியின் தோல், குடல், கல்லீரல் என்று எல்லாவற்றையும் தாக்கும் ஆபத்து உண்டு, அந்நியரின் என்.கே. செல் அந்தக் கேட்டைப் பெரும்பாலும் செய்வதில்லை. எனவே ஒரு கொடையாளரிடமிருந்து எடுத்துத் தயாரித்து, உறைய வைத்து, தேவைப்படும் பலருக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது.

அடுத்த படி, அந்தச் செல்லுக்கு இலக்கைக் காட்டிக் கொடுப்பது. பி செல்லின் மேற்பரப்பில் சி.டி.19 என்றொரு புரதம் உண்டு. அதை அடையாளம் காணும் செயற்கை உணர்வியை மரபணு மூலம் பொருத்தினால் அந்தச் செல்லைக் கார் செல் என்கிறோம். டி செல்லில் பொருத்தினால் கார்-டி, என்.கே. செல்லில் பொருத்தினால் கார்-என்.கே. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கேத்தி ரெஸ்வானி தலைமையிலான குழு, தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த என்.கே. செல்களில் இந்த உணர்வியோடு, செல் நீண்ட நாள் வாழ உதவும் இன்டர்லூகின்-15 மரபணுவையும் சேர்த்து, பி செல் புற்றுநோய் உள்ள 11 பேருக்கு ஏற்றி, முடிவுகளை 2020இல் வெளியிட்டது. 8 பேருக்குப் பலன் கிடைத்தது. அவர்களில் 7 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. கார்-டி சிகிச்சையில் நாங்கள் அஞ்சும் கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் சேர்ந்த சைட்டோகைன் பெருக்கமும், மூளைக் குழப்பமும் இவர்களுக்கு வரவில்லை. அந்தச் செய்தி உலகெங்கும் எழுப்பிய எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் அதன் தொடர்ச்சியாக 37 பேரைப் பற்றி 2024இல் வந்த அறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் பலன் கிடைத்தது, ஓராண்டு முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் உறைய வைக்கப்பட்ட தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செய்த செல்கள், தாமதமாக உறைய வைத்தவற்றைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்தன என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. மூலப்பொருள் உறைவதில் ஏற்பட்ட சில மணி நேரத் தாமதம்கூட நோயாளியின் முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு நுட்பமான மருந்து இது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எங்கே, யார், எப்படித் தயாரிக்கிறார்கள் என்று தெரியாத ஒரு பையைக் கையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இது முக்கியக் காரணம்.

லூபஸ் விஷயத்துக்கு வருகிறேன். என் துறை இதுதான் என்பதால் சற்று நின்று சொல்ல அனுமதியுங்கள். பி செல்லை அழித்தால் லூபஸ் அடங்கும் என்ற நம்பிக்கையில் ரிட்டுக்சிமாப் ஊசியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறோம். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளில் அது எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. இரத்தத்தில் உள்ள பி செல்கள் மறைந்தாலும் நிணநீர் முடிச்சுகளில் பதுங்கியவை தப்பிவிடுவது இதற்கு ஒரு காரணம். 2021இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கியோர்க் ஷெட், ஆண்ட்ரியாஸ் மேக்கன்சன் ஆகியோரின் குழு, சிறுநீரகம் பாதித்த கடும் லூபஸ் கொண்ட 20 வயதுப் பெண்ணுக்கு, அவருடைய சொந்த டி செல்லிலிருந்து தயாரித்த கார்-டி சிகிச்சையை அளித்தது. 2024 பிப்ரவரியில் அவர்கள் 15 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் லூபஸ் உள்ள 8 பேருக்கும் நோய் முழுமையாக அடங்கி, ஸ்டீராய்டு உட்பட எதிர்ப்பு சக்தியை அடக்கும் எல்லா மருந்துகளையும் நிறுத்த முடிந்தது. சுமார் நான்கு மாதங்களில் புதிய பி செல்கள் திரும்பி வந்தன, ஆனால் அவை நோயைக் கொண்டுவரவில்லை. பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பும் பெரும்பாலும் அழியாமல் இருந்தது. நோயை அடக்கி வைப்பதை மட்டுமே பழகிய எங்கள் துறைக்கு இது எத்தகைய நிகழ்வு என்பதை என்னால் மிகைப்படுத்திச் சொல்ல முடியாது. அதே சமயம் இது சிறு எண்ணிக்கை, குறுகிய காலம். கார்-டி சிகிச்சைக்குப் பின் அரிதாக டி செல் புற்றுநோய் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையை மருந்தின் உறையிலேயே அச்சிடும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024இல் உத்தரவிட்டது. புற்றுநோயில் உயிர் போகும் நிலையில் ஏற்கக்கூடிய அந்த அபாயத்தை, மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் 24 வயது லூபஸ் நோயாளிக்கு ஏற்பதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் என்.கே. செல் கவனத்துக்கு வருகிறது. பக்கவிளைவு குறைவாகவும், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறைந்துவிடுவதாகவும், நோயாளியின் இரத்தத்தை எடுத்துத் தயாரிக்கக் காத்திருக்க வேண்டாததாகவும் இருப்பதால், லூபஸ் போன்ற நோய்க்கு அது பொருத்தமாக இருக்கலாம் என்று கருதி, 2023 முதல் அமெரிக்காவில் லூபஸ் சிறுநீரக நோயில் சோதனைகளுக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது. சில நிறுவனங்கள் கார் பொருத்திய என்.கே. செல்லையும், வேறு சில கார் பொருத்தாத கொடையாளர் என்.கே. செல்லை ரிட்டுக்சிமாப் போன்ற ஊசியோடு சேர்த்தும் சோதிக்கின்றன. சீனாவிலும் இத்தகைய சோதனைகள் நடக்கின்றன. இவையெல்லாம் தொடக்க நிலைச் சோதனைகள். மேலும், செல்லை ஏற்றுவதற்கு முன் உடலில் இடமுண்டாக்க ஃப்ளூடாரபின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய கீமோ மருந்துகளைக் கொடுப்பது இவற்றில் வழக்கம். சைக்ளோபாஸ்பமைடு கருமுட்டைகளைப் பாதிக்கக்கூடியது. திருமணமாகாத ஒரு பெண்ணுக்கு இதைப் பற்றி யாராவது முன்கூட்டியே பேசினார்களா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். அப்படி எந்தக் குறிப்பும் இல்லை.

நீங்கள் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உங்கள் கணவருக்கு என்.கே. செல் சிகிச்சை ஒருவகையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அவருக்குக் கொடுத்த ஆறு சுற்றுகளிலும் கீமோ மருந்துகளோடு ரிட்டுக்சிமாப் ஊசி சேர்ந்திருந்ததாக நீங்கள் அனுப்பிய குறிப்பில் இருக்கிறது. அந்த ஊசி மருந்து ஓர் எதிர்ப்பொருள். அதன் ஒரு முனை பி செல்லில் உள்ள சி.டி.20 புரதத்தைப் பற்றிக்கொள்ள, மறுமுனையை அவருடைய சொந்த என்.கே. செல் சி.டி.16 என்னும் உணர்வியால் பிடித்து, பி செல்லைக் கொல்கிறது. உடலுக்கு வெளியே எடுத்துப் பெருக்காமல், இருக்கும் இடத்திலேயே என்.கே. செல்லுக்கு இலக்கைக் காட்டும் வழி இது. இதே வழியைக் கூர்மையாக்கியதுதான் ஒபினுடுசுமாப். என்.கே. செல் இன்னும் இறுகப் பிடிக்கும்படி அதன் மறுமுனையின் சர்க்கரை அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய்க்காக வந்த இந்த மருந்து, லூபஸ் சிறுநீரக நோயில் நடந்த பெரிய ஒப்பீட்டுச் சோதனையில் வழக்கமான சிகிச்சையோடு சேர்க்கப்பட்டபோது, முழுப் பலன் பெற்றவர்களை 33 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக உயர்த்தியது; 2025இல் அமெரிக்காவில் அந்த நோய்க்கும் அனுமதி பெற்றது. இயல்பு நோய்த்தடைக்காப்புச் செல்களை மருந்தாக்குவது என்றால், இன்றைக்கு உங்கள் மகளின் மருத்துவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி இதைப் பற்றியதாகவே இருக்கும்.

மேக்ரோஃபேஜ் செல்லிலும் கார் பொருத்தும் முயற்சி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, கட்டிப் புற்றுநோய்களில் முதற்கட்டச் சோதனையைக் கடந்திருக்கிறது. அதை ஒரு சிகிச்சை என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. இயல்பு நோய்த்தடைக்காப்பைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பியதில் நாள்பட நிலைத்த வெற்றி, காசநோய்த் தடுப்பூசியாக நாம் அறிந்த பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் முறைதான். அல்வாரோ மொராலஸ் 1976இல் அதை வெளியிட்ட நாளிலிருந்து, சிறுநீர்ப்பையின் மேலடுக்குப் புற்றுக்கு இன்றும் அது முதன்மைச் சிகிச்சையாக இருக்கிறது. பி.சி.ஜி.க்குக் கட்டுப்படாதவர்களுக்கு, என்.கே. செல்களையும் டி செல்களையும் தூண்டும் இன்டர்லூகின்-15 வகை மருந்தொன்றை அதனோடு சேர்த்துத் தர 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் இருக்கும் தமிழ்நாட்டில் இந்தச் செய்தி பரவலாகத் தெரியவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

உங்கள் கணவருக்கான வழியைப் பற்றி, இரத்தப் புற்றுநோய்த் துறையில் பணியாற்றும் என் நண்பரிடமும் கலந்து பேசிய பிறகே எழுதுகிறேன். முதல் வேலை, கழுத்துக் கட்டியிலிருந்து மீண்டும் திசுப் பரிசோதனை செய்து, அது பழைய லிம்போமாதானா, சி.டி.19, சி.டி.20 புரதங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று உறுதிசெய்வது. கூடவே பெட் ஸ்கேன். முதல் சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேல் கழித்தே நோய் திரும்பியிருப்பதால், இரண்டாம் கட்டக் கீமோ கொடுத்து, கட்டி நன்றாகக் கரைந்தால் இரத்தத்தை உண்டாக்கும் அவருடைய சொந்த ஸ்டெம் செல்லைக் கொண்டு மாற்றுச் சிகிச்சை செய்வது நிலைபெற்ற வழி. குணமாகும் வாய்ப்பும் அதில் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இதற்கான அனுபவம் நிறைய இருக்கிறது. அதற்கும் கட்டுப்படாவிட்டால் கார்-டி சிகிச்சை இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் இந்திய அனுமதி பெற்றது. அதன் சோதனையில் மதிப்பிடப்பட்டவர்களில் 73 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது, சிகிச்சையோடு தொடர்புடைய இறப்புகளும் நேர்ந்தன. மருந்துக்கு மட்டும் 30 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். மையம் கேட்கும் லட்சங்களைக் கொடுத்துக் கைப்பணம் கரைந்த பிறகு இந்த வழிகள் தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் என்னை வாட்டும் கவலை. பணத்தைவிட, கட்டி வளரும் மாதங்கள் வீணாவதும் பெரிய இழப்பு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை, மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆகவே, அடமானம் பற்றிய கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. என்.கே. செல்லை மருந்தாக விற்பதற்கு அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்போ நம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்போ இதை எழுதும் வரை அனுமதி தரவில்லை. சோதனை என்று அந்த மையம் சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள், சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் அந்த எண்ணை இணையத்தில் எவரும் சரிபார்க்கலாம். முறையான சோதனையில் பங்கேற்பவரிடம் சோதனை மருந்துக்குப் பணம் வாங்குவது நெறியல்ல. அதனால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் சொல்கின்றன. பணத்தையும் வாங்கிக்கொண்டு, பதிவு எண்ணும் தராமல் இருந்தால், அது சிகிச்சையும் அல்ல, சோதனையும் அல்ல.

‘சொந்தச் செல்தானே, கெடுதல் வராது’ என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வாரக்கணக்கில் ஊட்டக்கரைசலில் வளரும் எந்தச் செல்லோடும் கிருமியும் வளர முடியும். 2024 அக்டோபரில், டோக்கியோவில் ஒரு தனியார் மையத்தில் சொந்த என்.கே. செல் ஏற்றிக்கொண்ட இருவர் இரத்தத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டுத் தீவிர நிலைக்குப் போனதால், ஜப்பானிய அரசு அங்கே அவசரத் தடை விதிக்க நேர்ந்தது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் உங்கள் மகளுக்கு அத்தகைய தொற்று இன்னும் கொடுமையாக இருக்கும். சீனாவில் 2016இல், அரிய வகைப் புற்றுநோய் கொண்ட 21 வயது மாணவர் ஒருவர், இணையத் தேடலில் முதலில் வந்த விளம்பரத்தை நம்பி இதே இனத்தைச் சேர்ந்த செல் சிகிச்சைக்குக் குடும்பத்தின் சேமிப்பையெல்லாம் செலவிட்டு, பலனின்றி இறந்தார். அவர் இறக்கும் முன் எழுதி வைத்திருந்தது நாடெங்கும் பரவிய பிறகே அங்கே அரசு விழித்துக்கொண்டு இத்தகைய வணிகச் சிகிச்சைகளை நிறுத்தியது.

மகளைப் பொறுத்தவரை, அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் கடந்த ஓராண்டில் எப்படி நகர்ந்திருக்கிறது. ஸ்டீராய்டை நாளுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கொண்டுவர முடியுமா. ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கான விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்கிறதா. புரதம் இறங்கவில்லையென்றால் டாக்ரோலிமஸ், பெலிமுமாப், ஒபினுடுசுமாப் ஆகியவற்றில் எது அவருக்குப் பொருந்தும். இவை எதற்கும் கட்டுப்படாத நிலை ஒருநாள் வந்தால், அப்போது கார் செல் சோதனைகள் நம் நாட்டில் எங்கே நடக்கின்றன என்று தேடிச் சேர்த்துவிடுவதற்கு நானே உதவுகிறேன்.

கணவரின் முதல் திசுப் பரிசோதனையில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டை, பரிசோதனை செய்த ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கருத்து கேட்கப் போகும்போது அறிக்கைத் தாளைவிட அது அதிகம் பயன்படும். கழுத்துக் கட்டியைப் பற்றிய சந்திப்பை இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்